நாலாவது கட்டம்

அறிவிப்புப் பலகையில் நாற்பத்து மூன்று பேர்.
பெயர், துறை, பாக்கித் தொகை,
நாலாவது கட்டத்தில் சாதி.
அரசாங்கம் அனுப்பாத உதவித்தொகைக்கு
எங்களைக் கடன்காரர்களாக்கி
ஒட்டிவிட்டுப் போயிருந்தார் சூப்பிரண்டு.
பசை இன்னும் காயவில்லை.

நான் முதலில் செய்ததைச் சொல்ல
வெட்கமாயிருக்கிறது:
திலகவாணி என்றிருந்ததை
பேனா எடுத்து
திலகவேணி என்று திருத்தினேன்.
பிறகுதான் கண் வலப்பக்கம் போயிற்று.

“ஏனுங் திலகா, நீங்களா?
தெரியவே இல்லையே” என்றாள்
இரண்டு வருடம் என் தட்டில் தயிர்சாதம் தின்றவள்.
அந்தத் ‘தெரியவே இல்லையே’வை
எங்கே வைப்பதென்று
இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

மதியம் முதல்வர் அறை வாசலில்
மொசைக் தரையில் உட்கார்ந்தோம், பதினோரு பேர்.
மீதி முப்பத்திரண்டு பேர் வரவில்லை.
குற்றம் சொல்ல மாட்டேன்.
கோகுலவாசனின் அப்பா கறிக்கோழிப் பண்ணையில் தீவனம் போடுகிறார்,
பண்ணை தாளாளரின் மச்சானுடையது.

பராக்கா வந்தான்.
தான்சானியாக்காரன், கணினித் துறை.
பீளமேட்டில் ஏழு வீடு கேட்டு
ஏழிலும் “ஒறம்பரை வர்றாங்க தம்பி” என்று
திருப்பி அனுப்பப்பட்டவன்.
பஸ்ஸில் அவன் பக்கத்து இருக்கை
காந்திபுரம் வரை காலியாகவே வரும்.
எங்களோடு உட்கார முடியாது அவனால்,
ஒரு வழக்குப் போட்டால் விசா போய்விடும்.
இருபது லிட்டர் தண்ணீர்க் கேனைத் தோளில் தூக்கி வந்து
இறக்கிவிட்டுக் கேட்டான்:
“அந்தக் கட்டத்தில் என்ன எழுதியிருக்கு?”
சொன்னேன்.
“பார்த்தால் தெரியாதா?”
“தெரியாது.”
“அப்புறம் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?”
“அதற்குத்தான் கட்டம்.”
சிரித்தான். நானும்.
வாட்ச்மேன் எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தோம்.

இரண்டாம் நாள் தயிர்சாதக்காரி வந்தாள்.
ஒன்றும் பேசாமல்
வரிசையின் கடைசியில் பையை வைத்து உட்கார்ந்தாள்.
நானும் பேசவில்லை.

மூன்றாம் நாள் ராத்திரி
வராந்தா விளக்கை அணைத்தார்கள்.
பாலக்காட்டுக் காற்று வந்து
எங்கள் அட்டைகளைப் படிக்கட்டில் இறைத்தது.
திருப்பூரிலிருந்து அம்மா போன் செய்தாள்:
“சித்தெ பொறுத்துப் போ கண்ணு,
டிகிரிய வாங்கிப்போட்டு சண்டை போடு.”
அவள் பேசப் பேச
பின்னால் கத்தரிச் சத்தம்.
பனியனில் பிசிறு வெட்டுகிறவள்
நைட் ஷிப்டில் கை நிறுத்த முடியாது.
சரி என்றும் சொல்லவில்லை,
மாட்டேன் என்றும் சொல்லவில்லை,
அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தேன்.

நாலாம் நாள் புதுத் தாள்.
மூன்றே கட்டம்.
யாரோ விசிலடித்தார்கள்.
பாக்கி அப்படியே இருந்தது,
நாற்பத்து மூன்று பேரும் அப்படியே,
ஒன்பதாவது வரியில்
திலகவாணி.

தயிர்சாதக்காரி பேனாவை நீட்டினாள்.
வாங்கவில்லை.
சூப்பிரண்டு அறைக்குள் போனோம், பன்னிரண்டு பேரும்.
அவர் கண்ணாடியைத் தேடி மாட்டும்வரை நின்றேன்.

“‘வா’ இல்லீங் சார்.
‘வே’.
நீங்களே எழுதுங்க.”