அகலம் பூச்சியம்

வின்னிபெக்கில் சனவரி.
காப்பகத்தின் பின்னறைச் சூடாக்கியில்
என் கையுறைகள் காய்கின்றன.

பள்ளிக்கூடத்துக் கணக்கில்
படுத்துக் கிடப்பது நிரை, நிமிர்ந்து நிற்பது நிரல்.
பிழைப்புக்கு நான் எழுதுவதும் நிரல்தான்.
ஒரே சொல்லை இரண்டு தரம் விற்கிறேன்.

இன்றைக்குச் சின்ன வேலை:
கட்டில்களின் அட்டவணை.
கட்டில் இலக்கத்துக்கு நாற்பது புள்ளி அகலம்,
இருபத்திரண்டுக்கு மேல் கட்டில் இல்லை, எண் கொழுக்காது.
வந்த நேரத்துக்குத் தொண்ணூறு.
பெயருக்கு நூற்றைம்பது,
போதாதவர்களுக்கு வாலில் மூன்று புள்ளி
(சோதனைக்கு அப்பாவின் பெயரை இட்டேன்,
பாதியில் நின்றார், கோபிக்கமாட்டார்).
மிச்ச இடமெல்லாம் கடைசி நிரலுக்கு: குறிப்பு.
சாளரத்தை இழுக்க இழுக்க
அது மட்டும் நீளும்.

இரவுப் பணிக்கு வந்த ரொவீனா
தோளுக்கு மேலால் பார்த்தாள்.
"குடும்பப் பெயர் தெரியக் கூடாது.
மேசைக்கு அந்தப் பக்கம் நின்று எட்டிப் பார்ப்பார்கள்.
அண்ணன் என்பார்கள்.
பூங்கொத்தோடு வருவார்கள்."

அகலம் பூச்சியம் என்று எழுதினேன்.
நிரல் காணாமல் போனது.
எழுந்துபோய்த் தேநீர் ஊற்றினேன்.

அவள் மௌஸைப் பிடித்து
இரண்டு தலைப்புகளுக்கு நடுவிலிருந்த கோட்டில் வைத்தாள்.
அம்புக்குறிக்கு இருபக்கமும் கூர் முளைத்தது.
இழுத்தாள்.

ஸ்பென்ஸ்.
டெஜார்லே.
மக்கிவர்.
எழுத்தெழுத்தாக
எல்லோரும் வெளியே வந்தார்கள்.

கொஞ்ச நேரம் நாங்கள் கதைக்கவில்லை.

இழுக்க முடியாதபடி ஒரு வரி எழுதினேன்.
இடம் மாற்ற முடியாதபடி இன்னொரு வரி.
அதுவும் மனசுக்கு ஒப்பாமல்
நிரலையே அட்டவணையிலிருந்து பிடுங்கினேன்.
அவள் கோடு கோடாகத் தடவிப் பார்த்தாள்,
இருட்டில் தாழ்ப்பாள் தேடுகிறவள் போல.
"ம்" என்றாள்.

பதினொன்றரைக்கு அழைப்பு மணி.
பனியோடு ஒருத்தி,
கறுப்புக் குப்பைப் பை ஒன்று,
கோட்டுக்குள் ஒரு பிள்ளை.

ரொவீனா முதல் பெயரை மட்டும் கேட்டாள்.
குறிப்பில்: காலுறை ஈரம். பால் வேண்டும்.
கட்டில் இலக்கத்தில்
பதினான்கு என்று அடித்து, யோசித்து,
பக்கத்தில் ஒரு அரையும் சேர்த்தாள்.

திரையில் 14 தெரிந்தது.
பிள்ளை இருக்க வேண்டிய இடத்தில்
மூன்று புள்ளி.

கோட்டைக்கூடக் கழற்றாமல் அவள் நிற்கிறாள்,
நான் நாற்பதை அழித்து
அறுபது ஆக்குகிறேன்.