தந்திச் சேவகனின் வரைபடம்

டோப்ருக் எங்கே இருக்கிறது?
கோச்சடையில்.
புளியமரம் தாண்டி இரண்டாவது கூரைவீடு.

சிங்கப்பூர் விழுந்தது மாசியில்.
மாடக்குளத்துக்கு அது வந்து சேர
ஆடி ஆகிவிட்டது.
கண்மாய்க்கரையில் காற்று எதிர்த்தடிக்க
சைக்கிளை உருட்டிக்கொண்டே போனேன்,
அவசரப்படவில்லை.

பர்மாவுக்குத் தந்தி தேவைப்படவில்லை.
ரேஷன் வரிசையில் நின்ற எல்லோருக்கும்
அது தெரிந்திருந்தது.

இத்தாலியில் ஏதோ மலையில் செத்தவன்
சிந்தாமணியில்
நான் வாய் திறக்கும்வரை உயிரோடு இருந்தான்.
அவன் பெண்டாட்டி
முதலில் எனக்குத் தண்ணீர் கொடுத்தாள்.
குடித்தேன்.

கீழக்குயில்குடி ஒச்சம்மாளுக்கு மட்டும்
'காணவில்லை' என்று வாசித்தேன்.
"காணாமப் போக அவன் என்ன ஆட்டுக்குட்டியா?
நல்லாத் தேடச் சொல்லி எழுது.
இடது காலைச் சாய்ச்சு வைப்பான்,
தடத்தைப் பாத்தாலே தெரியும்."
தந்தியில் நான் எழுத முடியாது,
கொடுக்க மட்டுந்தான் முடியும் என்றேன்.

ஜெர்மனி சரண். பிறகு ஜப்பான்.
தலைமைத் தபாலாபீசில் ஆளுக்கொரு லட்டு.
அன்றைக்கும் என் பையில் மூன்று இருந்தன.

சண்டை முடிந்து இரண்டு வருஷம்.
சந்தைக்கு வரும் நாளெல்லாம்
கல்பாலத்தில் ஹாண்டில்பாரைப் பிடித்து நிறுத்துகிறாள்,
வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு:
"தடம் கிடைச்சிருச்சா?"