மூன்றாவது குழாய்

வலப்பக்கக் குண்டி வழியாகத்தான் இறக்கினார்கள்.
வயிற்றால் போக வழியில்லையாம்,
குடல் சுருண்டு குறுக்கே கிடக்கிறதாம்.
குப்புறக் கிடத்தி வளையத்துக்குள் தள்ள
'மூச்சை அடக்கு' என்றது இயந்திரம், டொச்சில்.
ஊசி ஏதோ நரம்பை உரசியிருக்க வேண்டும்.
குதிக்கால் வரை இன்னும் தணல்.

பதினாறு வருடமாய் இந்த ஓல்டனில்
ரயில் கக்கூஸ் அடைப்பு எடுக்கிறவன் நான்.
உள்ளே போன தண்ணி திரும்பி வராவிட்டால்
என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும், ரெகுலா.
பத்து மில்லி உப்புத்தண்ணியைத் தள்ளிவிட்டு
ஏன் என் முகத்தைப் பார்க்கிறாய்?

முதல் குழாய் ஓர் இருமலில் நழுவியது.
இரண்டாவது அடைத்தது.
இது கொஞ்சம் தடிப்பு.
முதலில் சிவப்பு, பிறகு மோர் நிறம்,
காய்ச்சல் முப்பத்தேழு தசம் இரண்டு:
தர்மினி கொப்பியில் எழுதி வைத்தாள்,
சீட்டுக்காசுக் கணக்குக்குக் கீழே.

இன்று காலை பையில் மண்ணிறம்.
பார்க்க முதலே மணம் சொல்லிவிட்டது.
குடலில் போட்ட தையல் எங்கேயோ விட்டிருக்கிறது.

டாக்டர் வந்து கட்டில் ஓரத்தில் இருந்தார்.
(நான் ஒழுங்காக இருந்து மூன்று கிழமை.)
தானாக மூடலாம், மூடாமலும் விடலாம் என்றார்.
பொய் சொல்லாத ஆள். பிடித்திருந்தது.

யன்னலில் ஆரே ஆற்றுப் புகார்.
அதற்குள் ஒரு ரயில் சூரிச் பக்கம் போகிறது.
என் இடத்தில் இப்போது யார் நிற்கிறானோ.

தர்மினி பேனையின் மூடியைக் கழற்றிக்கொண்டு கேட்கிறாள்:
'நிறத்துக்கு என்ன எழுத?'