ஒத்திகை

டாப்ஸ்லிப் ஜீப்புக்கு நாலு பேர் என்று சொல்லியாச்சு.
அமுதன் வரமாட்டான். இருந்தாலும் நாலு.

சிவப்புச் சட்டை கூடாது, சென்ட் கூடாது,
மூச்சுச் சத்தம்தான் அதிகபட்சம்
என்றார் போனில் ஒருவர்.
"மல்லிகைப்பூ?" என்றாள் இவள்.
யாரிடமோ கேட்கப் போனவர்
திரும்பி வரவேயில்லை.

காளவாசல் சிக்னலுக்கு மேலே குடியிருப்பவர்களுக்குப்
பேசாமலிருக்கப் பயிற்சி வேண்டாமா?
ஞாயிற்றுக்கிழமை சோபாவை ஜீப்பாக்கி
மூன்று பேர் உட்கார்ந்தோம்.
டிவி இல்லை. போன்கள் அரிசி டின்னுக்குள்.
சின்னவள் கழுத்தில்
டவுன்ஹால் ரோட்டில் பேரம் பேசிய பைனாகுலர்.

ஏழாவது நிமிடம்
டியூப்லைட்டுக்குப் பின்னாலிருந்து பல்லி வந்தது.
அப்புறம் வெகுநேரம் ஒன்றுமில்லை.

ரிசல்ட் வந்த நாளாய்ச் சாத்தியே கிடந்த கதவு
ஒரு விரற்கடை திறந்தது.
காலித் தட்டோடு வெளியே வந்தான்,
அடுப்படிப் பக்கம் பார்த்து நின்றான்.

யாரும் அசையவில்லை.
இவள் நகம் மட்டும்
என் முழங்கையில்.