பம்பாய் வகை

லிஃப்ட் பள்ளத்தில் விழுந்த அன்றுதான்
என் இரத்தத்துக்கு இந்த ஊர்ப் பெயர் என்று தெரிந்தது.

முலுண்டில் பதினெட்டு மாடிக் கட்டடம்.
விழுந்தது இரண்டாவதிலிருந்துதான், பயப்படாதீர்கள்,
பதினெட்டிலிருந்து என்றால் இந்தக் கதையை
வேறு யாராவது சொல்லிக்கொண்டிருப்பார்கள்.
தொடை எலும்பு முறிந்து
உள்ளுக்குள்ளேயே ஊற்றிக்கொண்டிருந்தது.

முதலில் ஓ பாசிட்டிவ் என்றார்கள்.
மச்சான் ஜெபசிங் தாராவியிலிருந்து பன்னிரண்டு பேரைத் திரட்டிவந்தான்,
தோல் கிடங்கில் நால்வர், சர்ச் பாடகர் குழுவில் எட்டுப் பேர்.
ஒருவருடையதும் சேரவில்லை.
என் துளியோடு கலந்ததும்
பால் திரிவதுபோல் திரிந்ததாம்.
பன்னிரண்டு பேரும் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி
பிஸ்கட் பொட்டலத்தோடு நின்றார்கள்.
அவர்கள் கொடுத்தது வேறு பன்னிரண்டு பேருக்குப் போயிருக்கும்.
போகட்டும், நல்லதுதான்.

மூன்றாம் முறையும் சோதித்துவிட்டு டாக்டரம்மா சொன்னாராம்:
இது ஓ இல்லை, பம்பாய் வகை. பத்தாயிரத்தில் ஒருவர்.
ஜெபசிங் கேட்டிருக்கிறான்,
"நாங்க நாசரேத் பக்கமாச்சே, டாக்டர்?"

அப்பாவும் அம்மாவும் அத்தை பிள்ளை மாமன் பிள்ளை.
சொத்து வெளியே போகக் கூடாதென்று கட்டிவைத்தார்கள்.
சொத்தென்பது மூன்று பனை, ஒரு கிணற்றில் பாதி.
அதெல்லாம் போய்விட்டது.
இது மட்டும் வெளியே போகாமல்
எனக்குள் வந்து நின்றுகொண்டது.

இருபத்தாறு வருடமாக இந்த ஊரில்
ரேஷனுக்கு, வாடகைக்கு, மகளின் பள்ளிக்கூடத்துக்கு
எங்கிருந்து வந்தாய் என்று கேட்கிறார்கள்.
காட்டிக் காட்டி மடிப்பில் கிழிந்த காகிதங்கள்.
ஊசி முனையில் பார்த்தால் பம்பாய்.
ஊரே பெயரை மாற்றிக்கொண்டது,
இரத்தம் மாற்றவில்லை.

அன்று சாங்லியிலிருந்து ஒருவர் இரவுப் பேருந்தில் வந்தார்,
கரும்பு லாரிகளுக்குப் பஞ்சர் ஒட்டுகிறவர்.
நான் கண் விழிக்கும் முன்பே
டிக்கெட் காசுகூட வாங்காமல் போய்விட்டார்.
ஜெபசிங்குக்கு அவர் முகம் நினைவில்லை.
செருப்பு நினைவிருக்கிறது,
ஒரு வாரைக் கம்பியால் கட்டியிருந்தாராம்.
என் காலுக்குள் நடப்பது யார் என்று
படியேறும்போது சில சமயம் யோசிப்பேன்.

நேற்றிரவு இரண்டு மணிக்குப் போன்.
கடைசியாகக் கொடுத்துத் தொண்ணூறு நாள் ஆகிவிட்டதா?
ஹெப்சிபா தூக்கத்திலேயே சொன்னாள்,
"தொண்ணூற்று நாலு."

தானே. பிரசவம்.
முன்னூற்றைம்பது மில்லி,
இரண்டு டம்ளர் மோருக்குக் கொஞ்சம் குறைவு.
பை தொட்டில்போல் ஆடி ஆடி நிறைந்தது.

தாழ்வாரத்தில் அந்தப் பெண்ணின் மாமனார்
"தும்ஹி குட்லே?" என்றார்.
எந்த ஊர்.
அதன் முதுகுக்குப் பின்னால் இன்னொரு கேள்வி
வரிசையில் நிற்பது எனக்குத் தெரியும்.
நாசரேத் என்று சொல்லிச் சொல்லி
இஸ்ரேலா என்று கேட்கவைத்தவன்
"பம்பாய்" என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.
என் முழங்கைப் பிளாஸ்திரியை ஒரு விரலால் தொட்டார்,
சுட்டதுபோல் எடுத்துக்கொண்டார்.

விடியும் நேரம் நர்ஸ் வந்தாள். பெண் குழந்தை. தாய் பிழைத்துவிட்டாள்.
கொடியில் மிச்சமிருக்கும் இரத்தத்தைப்
பொது வங்கிக்குத் தருவதாக
முன்பே கையெழுத்துப் போட்டிருந்தாளாம்.
ஒரு பெட்டியில் வைத்து எடுத்துப் போனார்கள்.
பிறந்து முழுதாக ஒரு மணி நேரம் ஆகவில்லை,
அதற்குள் அந்தக் குழந்தைக்கு
முகம் தெரியாத யாரோ சொந்தம்.
எங்கள் பக்கம் தொப்புள்கொடி உறவென்றால்
அண்ணன் தம்பி, பங்காளி,
அப்புறம் அந்தப் பாதிக் கிணற்று வழக்கு.

இறங்கும்போது லிஃப்ட்
மூன்றாம் மாடியில் இரண்டு விரற்கடை தாழ்ந்து நின்றது.
பிரேக் தேய்ந்திருக்கிறது என்றேன் லிஃப்ட்காரனிடம்,
இரத்தப் பை ஏறுகிற வண்டி, பார்த்து ஓட்டு.
யார் நீங்கள் என்றான்.
ஞாயிற்றுக்கிழமை ஸ்பானரோடு வருகிறேன்,
அப்போது சொல்கிறேன் என்றேன்.