ஆறுக்கும் ஆறுக்கும் இடையில்

நவம்பர் முதல் ஞாயிறு
இந்த நாடு கடிகாரத்தை ஒரு மணி பின்னே தள்ளியது.
நண்டின் மூளைக்கு அந்தச் செய்தி போகவில்லை.
காலை ஆறுக்கு ஒரு மாத்திரை, மாலை ஆறுக்கு ஒன்று.
இனி எது ஆறு?

டாக்டர் ஃப்ரீசன் போனில் சிரிக்காமல் சொன்னார்:
நாளுக்குக் கால்மணியாய் நகர்த்துங்கள்.
நான்கு நாள் எங்கள் வீட்டில்
வின்னிபெக்கின் நேரம் இல்லை.

கொப்பி கடைக்கணக்குக்கு வாங்கியது.
முதல் நாலு பக்கம் வெங்காயம், மா, தேங்காய்ப்பால்.
ஐந்தாம் பக்கத்திலிருந்து
மார்ச் 9, இரவு 2.10. ஒரு நிமிடம் நாற்பது. சோபாவோரம்.
மார்ச் 30. இரண்டு நிமிடம். மூத்திரம் போனான்.
ஏப்ரல் 2. எண்ண மறந்துவிட்டேன்.
அது அருந்ததியின் கையெழுத்து.
பேனை அந்த இடத்தில் தாளைக் கிழித்திருக்கிறது.

வலிப்பு வந்தால் பிடிக்கக் கூடாது.
வாயருகே கை போகக் கூடாது.
மேசையைத் தள்ளி, விளக்கை அணைத்து,
பேர் சொல்லி அழைக்காமல்
நொடிகளை மட்டும் எண்ண வேண்டும்.
பன்றி வெட்டும் ஆலையில் பதினொரு வருடம் நின்றவன் நான்.
இவ்வளவு கடினமாய் அங்கே ஒன்றும் இருக்கவில்லை.

எழுந்ததும் எங்களைப் பார்ப்பான்,
யார் நீங்கள் என்பது போல.
சுவரோரமாகவே நடந்து
வீடு பார்க்க வந்தவனைப் போல் அறை அறையாய் மோந்து
கடைசியில் தன் கிண்ணத்தடியில்
வாலை ஒருதரம்.

இட்லிக்குள் வைத்தால் மாத்திரையைக் கண்டுபிடித்தான்.
சீஸைத் தின்றுவிட்டு அதைத் துப்பினான்.
டின் மீன் எண்ணெயில் தோய்த்த பாண் சரிவந்தது.
ஒரு கலியாணத்தில் பந்திக்கு முதலே எழும்பினோம்.
நாய்க்கா, என்றார் மாப்பிள்ளையின் தகப்பன்.
ஓம், என்றேன்.

குட்டியாய் வந்தபோது பக்கவாட்டில்தான் நடப்பான்,
பின்கால்கள் முன்கால்களை முந்தப் பார்க்கும்.
அதனால் நண்டு.
ஒரு வயதில் நேரானான். பேர் மட்டும் நின்றது.
இப்போது ஏழு. மோவாய் நரைத்துவிட்டது.
மாத்திரை தொடங்கிய இரண்டாம் கிழமை
சமையலறைத் தரையில் பின்கால்கள் சரிய
பக்கவாட்டில் வந்தான்.
மருந்தின் வேலை, பழகிவிடும், என்றார் டாக்டர்.
அருந்ததி முதலில் சிரித்தாள்.
பிறகு குளியலறைக்குள் போய்
நெடுநேரம் குழாயைத் திறந்துவிட்டாள்.

கடைசியாய் வந்து எத்தனை நாள் என்று
வீட்டில் ஒருவரும் சொல்வதில்லை. நாவூறு.
வெளியே மைனஸ் இருபது.
கொப்பி பிரிட்ஜின் மேல் கிடக்கிறது.
ஆகஸ்ட் 19-க்குக் கீழே
போன கிழமை அருந்ததி எழுதியிருக்கிறாள்:
வெங்காயம் பத்து இறாத்தல், பால், டின் மீன் ஆறு.