இரட்டைச் சுழி

முதலில் மொட்டைத்தலை.
கல்லடியில், மாடி அறையில், இரவு பதினொன்றரைக்கு
ஒருத்தியின் மொட்டைத்தலையைச் சுற்றிச் சுற்றிப் பார்ப்பதுதான்
எனக்குச் சம்பளம் தருகிற வேலை.
கண்ணும் மூக்கும் போலந்தில் யாரோ செய்தது.
முடி மட்டும் என் பொறுப்பு.

முந்நூறு கைட் இழைகளை நான் நடவேண்டும்.
மிச்சம் எண்பதாயிரத்தை கொம்பியூட்டர் பார்த்துக்கொள்ளும்.
வேரில் தடிப்பு, நுனியில் மெலிவு,
நடுவில் கொஞ்சம் குழப்பம்.
குழப்பத்துக்கும் ஒரு எண் உண்டு:
பூச்சியம் தசம் மூன்று ஐந்து.
அதற்கு மேலே போனால் சண்டை பிடித்துவிட்டு வந்தவள்,
கீழே போனால் விக்.
வாவிக் காற்றில் பாலம் கடந்து வருகிற என் தலைக்கு
தசம் எட்டாவது இருக்கும்.

உச்சிதான் பிடிபடவில்லை.
நடுவகிடா, பக்கவகிடா என்று கேட்கிற மென்பொருள்
இத்தனை முடியும் எங்கிருந்து புறப்படுகிறது என்று
ஒருநாளும் கேட்டதில்லை.

கல்முனை பஸ்ஸில் இடமில்லை, நல்லது.
நின்று போகிறவர்களுக்குத்தான் உச்சிகள் தெரியும்.
வலம் சுற்றுகிற ஒன்று.
இடப்பக்கத்து முடியை இழுத்துப் போர்த்தியும்
ஓட்டோரமாய் எட்டிப் பார்த்துவிட்ட
யாரோ ஒரு அதிபரின் சுழி.
காத்தான்குடியில் ஏறிய இரண்டு பேர் முக்காட்டுக்குள்.
அங்கே எனக்கு வேலையில்லை,
யன்னலைப் பார்த்தேன்.

ஆரையம்பதி தாண்டி, ஒரு தாயின் மடியில்
அது இருந்தது.
ஒன்று வலம், ஒன்று இடம்,
இரண்டுக்கும் நடுவே எந்தப் பக்கமும் சேராமல்
எழுந்து நின்ற ஒரு பிடி முடி.

"என்ன பாக்கிறீங்க?"
"முடி."
"ரெட்டைச் சுழி. ரெண்டு கலியாணமாம்.
ஒண்டுக்கே எங்க புள்ள காசு!"
"ஒரு போட்டோ எடுக்கலாமா?"
"மூஞ்சையா?"
"உச்சியை."
அவள் என்னை ஒரு தரிப்பிடம் வரைக்கும் பார்த்தாள்.
மறுகா,
"யவீனன், குனி மனே" என்றாள்.

நாலு இரவு.
இரண்டு சுழிக்கும் இழைகளைத் திருப்பித் திருப்பி வைத்தேன்.
மூன்றாம் இரவு கரண்ட் போய்
வலச் சுழி முழுக்க அழிந்தது, மறுகா நட்டேன்.
நடுப்பிடியை டிஜிட்டல் சீப்பால் அமத்தினேன், எழும்பியது.
இன்னும் அமத்தினேன், எழும்பியது.
சரி நில் என்று விட்டேன்.

எய்ரிக் எழுதினான்:
கமரா அவள் தலைக்கு மேலே போகவே போகாது,
உச்சியில் ஏன் இவ்வளவு நேரம்?
ஓம் என்று பதில் போட்டுவிட்டு
உச்சிக்கே போனேன்.

ரெண்டர் முடிந்த காலை
தங்கச்சி யதுசா பல்துலக்கிக்கொண்டே பார்த்தாள்.
"இவளை எங்கயோ கண்டிருக்கன்."
பெரிய பாராட்டு. அதற்குப் பின்னேரமே அடுத்த மெயில்:
கதை மாறிவிட்டது.
முதல் காட்சியிலிருந்து கடைசி வரைக்கும் அவளுக்கு ஹெல்மெட்.
முழுக் காசும் தருகிறோம். அருமையான வேலை.

"மறுகா என்ன?" என்றாள் யதுசா. "காசு வருதுதானே."
வருகிறதுதான். வந்தும்விட்டது.
யூபிஎஸ்ஸுக்குப் புது பற்றரி போட்டேன்.

ஹெல்மெட்டை நானேதான் மாட்டினேன்.
சரியான அளவு.
அந்த ஒரு பிடி மட்டும்
இரும்பைக் குத்திக்கொண்டு வெளியே நின்றது,
தோணிப் பலகை இடுக்கில் புல் முளைத்தமாதிரி.
வெட்டிவிடு என்றார்கள்.

வெட்டவில்லை. லேயரின் பக்கத்தில்
சின்னதாய் ஒரு கண் இருக்கும்,
அதைத் தொட்டு மூடினேன்.
ஹெல்மெட் மொழுமொழு என்று மினுங்கியது.

கோப்பு இப்போது நானூறு எம்பி கூடுதல் பாரம்.
ஏன் என்று ஒஸ்லோவிலிருந்து
இன்னும் யாரும் கேட்கவில்லை.